பனிக்குட நீர் எம்பாலிசப் பதிவேடு: 61 சதவீதமும் 19 சதவீதமும் எங்கிருந்து வந்தன?

ஒரே நோய்தான். 1995-ல் வெளியான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டு ஆய்வில், பனிக்குட நீர் எம்பாலிசம் (ஆங்கிலச் சுருக்கம் ஏஎஃப்இ; கருவின் பொருட்கள் தாயின் ரத்தத்தில் கலப்பதால் பிரசவ நேரத்தில் திடீரென வரும் உயிராபத்து) கண்ட தாய்மாரில் 61 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பிரிட்டனில் 2005 பிப்ரவரி முதல் 2014 ஜனவரி வரை நாடு முழுக்கத் திரட்டிய 120 பேரில் இறந்தவர்கள் 19 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் தீவிர சிகிச்சை வளர்ந்தது உண்மை. அதற்காக இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ‘மருத்துவம் முன்னேறிவிட்டது’ என்று படித்தால் ஏமாந்துபோவோம். இந்த இரு பதிவேடுகளுக்குள்ளும் பெண்கள் நுழைந்த வாசல் வேறு வேறு. அரிய பேறுகாலச் சிக்கலுக்குப் பல மருத்துவமனைகள் சேர்ந்து பதிவேடு தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த வாசலை. மென்பொருள் தேர்வெல்லாம் அதற்குப் பிறகு.

நோயும் அதன் அருமையும்

பிரசவ வலியில் இருக்கும்போதோ, சிசேரியன் மேசையிலோ, குழந்தை பிறந்த சில நிமிடங்களிலோ திடீரென மூச்சுத் திணறும். ரத்த அழுத்தம் சரியும். பலருக்கு இதயம் நின்றுவிடும். அதைத் தாண்டியவர்களுக்கு ரத்தம் உறையாமல் போகும். தையல் போட்ட இடம், ஊசி குத்திய இடம் எல்லாவற்றிலும் கசியும். 1926-ல் பிரேசிலில் மேயர் இதை முதலில் விவரித்தார். 1941-ல் ஸ்டெய்னரும் லஷ்பாவும் 8 பிரேதப் பரிசோதனைகளை வைத்து எழுதியபோதுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. பெயரில் எம்பாலிசம் (ரத்தக்குழாய் அடைப்பு) இருந்தாலும் குழாய் அடைபடுவது முதன்மைச் சிக்கல் அல்ல. கருவின் பொருட்கள் தாயின் ரத்தத்தில் கலந்ததும் தாயின் உடல் காட்டும் கடும் எதிர்வினை என்றே இப்போது கருதப்படுகிறது.

இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி மிஞ்சுவதுதான் நோயறிதல். நுரையீரல் ரத்தக்குழாயில் கருவின் தோல் செல்கள் தென்பட்டால் போதும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இந்த நோயே இல்லாத பெண்களிடமும் அவை தென்பட்டதும் அந்தச் சான்று பலமிழந்தது. பதிவேட்டுக்கு இதைவிடக் கடினமான நோய் அமைவது அரிது.

எண்ணிக்கையைப் பார்ப்போம். பிரிட்டன் கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 1.7. ஆண்டுக்கு 10,000 பிரசவம் பார்க்கும் பெரிய மருத்துவமனையில்கூட ஏறக்குறைய 6 ஆண்டுக்கு ஒருத்தியைத்தான் பார்க்க முடியும். 9 லட்சம் பிரசவத்தைச் சேர்த்தாலும் 15 பேர்தான் வருவார்கள். 15 என்ற எண்ணிக்கைக்கு 95 சதவீத நம்பக எல்லை சுமார் 8 முதல் 25 வரை விரியும். அதாவது நிகழ்வீதம் லட்சத்துக்கு 0.9 என்றும் சொல்லலாம், 2.7 என்றும் சொல்லலாம். இரண்டு மருத்துவக் கல்லூரிகள் கூடி ஓராண்டு எடுக்கும் ‘தொடர் வரிசை’க்கு (வந்த நோயாளிகளை வரிசையாகத் தொகுப்பது) இந்த நோயில் மதிப்பில்லாமல் போவது இதனால்தான்.

அனுப்புகிறவர் கையில் வாசல்

அமெரிக்காவில் ஸ்டீவன் கிளார்க்கும் உடனிருந்தவர்களும் 1988-ல் தேசியப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். நாடெங்கும் உள்ள மருத்துவர்கள் தாமாக முன்வந்து கேஸ் ஷீட் அனுப்ப வேண்டும். நுழைவு நிபந்தனைகளைக் கடந்த 46 கேஸ் ஷீட்டுகளில் 121 மாறிகளை ஆராய்ந்தார்கள். 70 சதவீதம் பேருக்குப் பிரசவ வலியின்போதே தொடங்கியிருந்தது. 41 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வரலாறு இருந்தது. நரம்பியல் பாதிப்பில்லாமல் பிழைத்தவர்கள் 15 சதவீதம் மட்டுமே. ஒவ்வாமை அதிர்ச்சியோடு இந்த நோய்க்குள்ள ஒற்றுமையை இந்த ஆய்வுதான் அழுத்தமாக முன்வைத்தது.

நோயின் முகத்தை வரைய அந்தப் பதிவேடு போதுமானது. ஆனால், ‘இந்த நோய் வந்தால் எத்தனை பேர் இறப்பார்கள்’ என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. தாமாக முன்வந்து அனுப்பும் முறையில் மறக்க முடியாத கேஸ்தான் வந்து சேரும். தாய் இறந்த கேஸ் மனதில் நிற்கும். மூன்று யூனிட் ரத்தத்தோடு பிழைத்து ஏழாம் நாள் வீட்டுக்குப் போனவளின் கேஸ் ஷீட்டை யார் நகலெடுத்து அனுப்புவார்கள்?

பிரிட்டனில் 1997-ல் தொடங்கிய தனிப் பதிவேடும் இதே வகைதான். 2004 வரை 44 பேர், இறந்தவர்கள் 13.

மருத்துவமனைக் குறியீட்டுத் தரவை வைத்தே கணக்கிட்டால் என்ன என்று தோன்றலாம். செய்தும் பார்த்தார்கள். ஏறக்குறைய 30 லட்சம் அமெரிக்கப் பிரசவங்களின் டிஸ்சார்ஜ் தரவில் லட்சத்துக்கு 7.7 என்று வந்தது. பிரிட்டனைவிட நான்கு மடங்குக்கும் மேல்! அங்கே நோய் அத்தனை மடங்கு அதிகம் என்று இதற்குப் பொருளில்லை. பில் போடுவதற்காக ஒருவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் போடும் குறியீடு அது. ‘ஏஎஃப்இ-யாக இருக்கலாம்’ என்று எழுதியதும் அதற்குள் வந்துவிடும். விடுபட்டவர்களைத் தேட அந்தப் பட்டியல் உதவும். நோய்களின் பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-ல் ஓ88.1 என்ற குறியீட்டை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். அந்தப் பட்டியலையே பதிவேடாகக் கொள்ளக் கூடாது.

நில் ரிப்போர்ட்

2005 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள தேசியப் பேறுகால நோய்ப்பரவல் ஆய்வுப் பிரிவிலிருந்து பிரிட்டன் மகப்பேறியல் கண்காணிப்பு அமைப்பு தொடங்கியது. சுருக்கப் பெயர் யூகாஸ். மேரியன் நைட் வழிநடத்தினார். குழந்தை நோய்களுக்கு அங்கே 1986 முதல் நடந்துவந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார்கள். சிறப்பு மருத்துவர் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு பேறுகாலப் பிரிவிலும் நான்கு பேர் வரை நியமனம்: மகப்பேறு மருத்துவர், மருத்துவச்சி, மயக்கவியல் மருத்துவர், இடர் மேலாளர். தொடக்கத்தில் மாதம் ஓர் அட்டை போகும். அதில் அப்போது கண்காணிக்கும் நோய்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கைக் கட்டம். கூடவே ‘இம்மாதம் எதுவும் இல்லை’ என்று ஒரு கட்டம். யாராவது ‘ஒன்று’ என்று எழுதினால் மட்டுமே விரிவான படிவம் அவரைத் தேடிப் போகும். 2,000 பிரசவத்துக்கு ஒன்றைவிட அரிதான சிக்கல்களை மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வது விதி. அனுப்புகிறவரின் பொறுமையைக் காப்பாற்றும் விதி இது.

நம் அரசு அலுவலகங்களில் நில் ரிப்போர்ட் என்றால் சடங்கு. மேசைக்கு மேசை நகர்ந்து கோப்புக்குள் அடங்கிவிடும். இங்கே அந்தத் தாள் வராவிட்டால் கணக்கே நிற்காது. நிகழ்வீதம் ஒரு பின்னம். மேலே நோயாளிகள், கீழே பிரசவங்கள். ஒரு மருத்துவமனை மார்ச் மாதம் எதுவும் அனுப்பவில்லை என்றால், அங்கே நோய் வரவில்லையா, வந்தும் சொல்லவில்லையா என்று தெரியாது. 40 மருத்துவமனை, 12 மாதம் என்றால் 480 கட்டங்கள். அவற்றில் 60 வெற்றாக இருந்தால் கீழெண்ணில் 420 கட்டங்களின் பிரசவங்களை மட்டுமே சேர்க்க வேண்டும். ‘0’ வேறு, வெற்றிடம் வேறு. எக்செல்லில் யாரோ நல்லெண்ணத்தோடு வெற்றிடங்களை 0 என்று நிரப்பிவிட்டால் நோய் குறைந்ததுபோல் காட்டும். பிறகு எந்தப் புள்ளியியலும் அதைச் சரிசெய்யாது.

நால்வர் எதற்கு என்றால், ஆட்கள் மாறுவார்கள். மாறுதலில் போன மருத்துவருக்கே ஓராண்டு மின்னஞ்சல் போய்க்கொண்டிருக்கும். அந்த மருத்துவமனை ‘பதில் தராத மையம்’ என்று பட்டியலில் நிற்கும். ஒருவர் போனாலும் மூவர் இருப்பார்கள். தவிர, ஒரே கேஸை மகப்பேறு மருத்துவர் ‘ரத்தப்போக்கு’ என்றும் மயக்கவியலார் ‘ஏஎஃப்இ’ என்றும் நினைத்திருக்கலாம். இருவரையும் கேட்டால்தான் வெளிவரும்.

நால்வர் சொன்னால் ஒருத்தியே நாலு முறை பதிவாவாள். யூகாஸ் பெயரோ மருத்துவமனை எண்ணோ வாங்குவதில்லை. பிறந்த ஆண்டு, எதிர்பார்த்த பிரசவத் தேதி, மருத்துவமனை ஆகியவற்றை வைத்தே இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கிறது. இவ்வளவு அரிதான நோயில் இந்த மூன்றும் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஓரிடத்தில் சரிந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டவள்தான் தொல்லை: இரு இடமும் சொல்லும், அல்லது ‘அவர்கள் சொல்லியிருப்பார்கள்’ என்று இரு இடமும் விட்டுவிடும். நோய் தொடங்கிய இடம்தான் உரிமையாளர், பெற்றுக்கொண்ட இடம் மீதித் தகவலைத் தர வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இறந்தவர்களைத் தாய்மார் இறப்பு விசாரணைப் பட்டியலோடு தனியே ஒப்பிடுவதும் கட்டாயம்.

யார் உள்ளே, யார் வெளியே

2016-ல் கிளார்க் குழு ஆய்வுகளுக்கான வரையறை ஒன்றை முன்வைத்தது. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, திடீர் இதய-சுவாச நிறுத்தம். இல்லையென்றால் மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழும் மூச்சுச் சிக்கலும் (மூச்சுத்திணறல், நீலம் பாய்தல், ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழ்) சேர்ந்து. இரண்டு, அதன்பின் வெளிப்படையான டிஐசி, அதாவது உடல் முழுக்க ரத்த உறைதல் சீர்குலைந்துபோவது. அதுவும் ரத்தப்போக்கே காரணமாகும் அளவுக்கு ரத்தம் போவதற்கு முன். மூன்று, தொடக்கம் பிரசவ வலியின்போது, அல்லது நஞ்சுக்கொடி வெளியேறி 30 நிமிடத்துக்குள். நான்கு, பிரசவத்தின்போது 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இல்லாமை.

டிஐசி-க்கு மதிப்பெண் உண்டு. பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழ் 1, 50,000-க்குக் கீழ் 2. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 25 முதல் 50 சதவீதம் கூடினால் 1, அதற்கு மேல் 2. உறைதலுக்கு வேண்டிய புரதமான ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழ் 1. மொத்தம் 3 வந்தால் டிஐசி.

மாதிரிக்கு ஒரு மயக்கவியல் தாளை எடுத்துக்கொள்வோம்; எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்தவை. 14:05 மூச்சுத் திணறல், அழுத்தம் 70/40. 14:08 இதயம் நின்றது. 14:12 குழந்தை வெளியே. 14:25 ரத்த மாதிரி: பிளேட்லெட் 92,000, ஐஎன்ஆர் 1.6, ஃபைப்ரினோஜன் 80. அந்த நேரத்தில் ரத்த இழப்பு 600 மி.லி. மாலைக்குள் மொத்த இழப்பு 3,500 மி.லி. மதிப்பெண் 1+2+1=4. உள்ளே வருவாள்.

இப்போது அதே தாளில் மாதிரி எடுத்த நேரமும் அப்போதைய இழப்பும் எழுதப்படவில்லை என்று வையுங்கள். படிவத்தில் ‘மொத்த ரத்த இழப்பு 3,500’, ‘ஃபைப்ரினோஜன் 80’ என்று மட்டும் இருக்கும். அதிகமாக ரத்தம் போய் உறைதிறன் குன்றியவளையும் இவளையும் பிரிக்க வழியே இல்லை. எனவே படிவத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் மூன்று கட்டம்: மதிப்பு, மாதிரி எடுத்த நேரம், அந்நேரம் வரையான இழப்பு. இழப்பைக் கண்ணால் மதிப்பிட்டார்களா, துணியை எடைபோட்டார்களா என்றும் கேட்க வேண்டும். ஈரத் துணி எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கொள்வது வழக்கம்.

நேரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. லேபர் வார்டு சுவர்க் கடிகாரம், மானிட்டர், லேப் கணினி மூன்றும் ஒரே நேரம் காட்டாது. ஆறேழு நிமிட வித்தியாசம் சாதாரணம். இந்த நோயிலோ ஆறு நிமிடத்தில் கதை முடிந்துவிடுகிறது. குழந்தை பிறந்த நேரம் எல்லாத் தாளிலும் இருக்கும். அதை நங்கூரமாக வைத்து, மற்ற நேரங்களை ‘பிறப்புக்கு முன் 7 நிமிடம்’, ‘பின் 13 நிமிடம்’ என்று மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. அலகுகளையும் படிவத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும். ஒரு லேப் லிட்டருக்கு 2 கிராம் என்று தரும், இன்னொன்று 200 என்று தரும். இரண்டும் ஒன்றுதான், கணினிக்குத் தெரியாது.

2016 வரையறை கறாரானது. தவறானவர்கள் உள்ளே வர மாட்டார்கள். ஆனால் ரத்த மாதிரி எடுப்பதற்குள் இறந்துபோனவள் டிஐசி நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவாள்? மிகக் கடுமையாக நோய் கண்டவளே வெளியே நிற்பாள். மகப்பேறியல் கண்காணிப்பு அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாக்கிய வரையறை இதைக் கவனித்து, ‘முதல் நிகழ்வில் உயிர் பிழைத்தவர்களுக்கு’ மட்டுமே உறைதிறன் குறைபாட்டைக் கேட்கிறது. கால எல்லையையும் 6 மணி நேரம் என்று விரிக்கிறது. எது சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பதிவேடு கட்டுகிறவர்கள் அந்தச் சண்டையில் பக்கம் சேர வேண்டியதில்லை. ‘ஏஎஃப்இ: ஆம் / இல்லை’ என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, மூலத் தரவை மட்டும் வாங்கினால் போதும். முடிவைக் கணினி விதிப்படி பிறகு போடும். 2019-ல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள் ஒரே பெண்களின் மீது இரு வரையறைகளையும் வைத்துப் பார்க்க முடிந்தது, மூல எண்கள் கையில் இருந்ததால்தான்.

நோயாளிகளே அனுப்பியபோது

இந்த நோயிலிருந்து பிழைத்த மிராண்டா க்ளாசென் 2008-ல் அமெரிக்காவில் ஏஎஃப்இ அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அறக்கட்டளையும் ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2013-ல் புதிய பதிவேட்டைத் தொடங்கின. இங்கே பெண்ணோ குடும்பத்தாரோ ஒப்புதல் தந்து, கேஸ் ஷீட் பதிவேட்டுக்கு வந்து சேரும். மருத்துவர் தயங்கும் கேஸும் இந்த வழியில் வரும். வழக்குப் பயம் உள்ள நாட்டில் அது சிறிய விஷயமல்ல.

வந்த 129 கேஸ் ஷீட்டுகளை நிபுணர்கள் படித்தார்கள். 59 மட்டுமே வழக்கமான ஏஎஃப்இ. 15 வழக்கத்துக்கு மாறானவை. 27-ல் எதுவும் முடிவு செய்ய முடியவில்லை. மீதி 28-ல் வேறு நோய்: ரத்தப்போக்கு அதிர்ச்சி, ஒவ்வாமை அதிர்ச்சி, கிருமித்தொற்று அதிர்ச்சி. அதாவது சிகிச்சை பார்த்த மருத்துவர் ‘ஏஎஃப்இ’ என்று எழுதித் தந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அது இல்லை. டிஸ்சார்ஜ் குறியீட்டில் 7.7 வந்த மர்மத்தில் பாதி இங்கே அவிழ்கிறது.

எனவே மறுபரிசீலனைக் குழு இல்லாத பதிவேடு பட்டியல் மட்டுமே. நடைமுறை எளிது: இருவர் தனித்தனியாக, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் படிக்க வேண்டும்; ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர். இறந்தாளா பிழைத்தாளா என்பதை மறைத்துக் கொடுப்பது நல்லது. இறந்தவளுக்கு ஏஎஃப்இ என்று தீர்ப்பெழுதக் கை தானாகப் போகும்.

இதே ஆய்வில் ஏஎஃப்இ கண்டவர்களில் 66 சதவீதம் பேர் ஒவ்வாமை வரலாறு சொன்னார்கள். ஒப்பிட்ட ஒரு மருத்துவமனையின் பிரசவங்களில் அது 34 சதவீதம். கவனத்தை ஈர்க்கும் எண்தான். ஆனால் இரு கூட்டமும் வெவ்வேறு வழியில் வந்தவை. யூகாஸ் இதற்குச் சொல்லும் வழி நேர்த்தியானது: நோய் கண்டவளுக்கு முன்பாக அதே மருத்துவமனையில் பிரசவித்த இரு பெண்கள்தான் ஒப்பீடு. தேர்ந்தெடுக்க யாருக்கும் இடமில்லை. அதே வார்டு, அதே பதிவு முறை. அப்படி ஒப்பிட்டுத்தான் வலி வரவழைத்தல், இரட்டைக் குழந்தை, 35-ஐத் தாண்டிய வயது, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல் ஆகியவற்றோடு தொடர்பைக் கண்டார்கள்.

வசதி குறைந்த இடத்தில்

யூகாஸ் முறையை இந்தியாவில் அசாமின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சோதித்திருக்கிறார்கள். அங்கே பட்டியலில் ஏஎஃப்இ-க்கு முதலிடம் இல்லை. கருப்பை வெடிப்பு, வலிப்பு, ரத்தசோகையால் வரும் இதயச் செயலிழப்பு போன்றவை இருந்தன. ஊருக்கு ஏற்ற பட்டியல். ஏஎஃப்இ-யை அப்படிப்பட்ட இடத்தில் சேர்க்க நினைத்தால் முதல் முட்டுக்கட்டை ஃபைப்ரினோஜன்தான். இரவு இரண்டு மணிக்கு அதைச் செய்து தரும் லேப் எத்தனை இடத்தில் இருக்கும்?

படிவத்தில் ‘செய்யவில்லை’ என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். ‘இயல்பு’ என்று யாரும் ஊகித்து எழுத விடக் கூடாது. அதன் கீழேயே படுக்கையருகே செய்யும் உறைதல் சோதனைக்கு ஒரு வரி சேர்க்கலாம். சுத்தமான, உலர்ந்த சிறு கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், உள்ளங்கையில் மூடிப் பிடித்துச் சூடு காக்க வேண்டும், 4 நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்த்து, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை. 7 நிமிடத்தில் உறையாவிட்டாலோ, உறைந்தது எளிதில் கலைந்தாலோ உறைதிறன் போய்விட்டது. 2016 வரையறையில் இதற்கு மதிப்பெண் கிடையாது. கேஸ் ‘முடிவு செய்ய இயலாதது’ என்ற பெட்டிக்குத்தான் போகும். இருந்தாலும் எத்தனை மணிக்குக் குழாயைக் கையில் எடுத்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள், அப்போது எவ்வளவு ரத்தம் போயிருந்தது என்ற மூன்றையும் வாங்கி வைக்க வேண்டும்.